வாசகர் கேள்வி–பதில்: வீட்டுக் கணினியின் வன்தட்டுக்கு எந்தக் கோப்பு முறைமை?

சென்ற இதழில் பழைய கணினிக்குப் புதிய இயங்குதளம் நிறுவுவது பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பல, நிறுவும்போது எதிர்ப்படும் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன: வன்தட்டை எந்த வடிவில் ஃபார்மேட் செய்வது? ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நான் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர். என் பழைய மேசைக் கணினியிலிருந்து விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் மின்ட் நிறுவ முடிவு செய்திருக்கிறேன். 1 டெராபைட் வன்தட்டு ஒன்றுதான் இருக்கிறது. எங்கள் தெருவில் மின்வெட்டு அடிக்கடி வரும். யுபிஎஸ் பேட்டரியும் போய்விட்டது. பாகம் பிரிக்கும் பக்கத்தில் எக்ஸ்ட்4, எக்ஸ்ட்3, எக்ஸ்ட்2, பிடிஆர்எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ், ஃபேட்32 என்று ஒரு பட்டியல் வருகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது? (கும்பகோணம் வாசகர்)

பதில்: எக்ஸ்ட்4-ஐத் தேர்ந்தெடுங்கள், ஐயா. பட்டியலில் உள்ள மற்றவை எல்லாம் மட்டம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வன்தட்டு ஒன்றுதான், லினக்ஸ் மட்டும்தான், மின்வெட்டு அடிக்கடி உண்டு என்று உங்கள் கடிதத்தில் நீங்கள் குறிப்பிட்டிருக்கும் மூன்று செய்திகளும் அந்தப் பக்கமே கைகாட்டுகின்றன. காரணத்தைத் தெரிந்துகொண்டால் நாளை வேறொரு தட்டு வாங்கும்போது நீங்களே முடிவெடுக்கலாம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வன்தட்டு என்பது எண்ணிடப்பட்ட சிறு கட்டங்களின் மிக நீண்ட வரிசை, அவ்வளவுதான். உங்கள் பேரனின் படம் எந்தெந்தக் கட்டங்களில் கிடக்கிறது, அதன் பெயர் என்ன, அது எந்தக் கோப்புறைக்குள் இருக்கிறது, எந்தக் கட்டங்கள் காலி என்பவை எதுவும் தட்டுக்குத் தெரியாது. அந்தக் கணக்கு முழுவதையும் எழுதி வைத்திருப்பதுதான் கோப்பு முறைமை. நீங்கள் ஒரு கோப்பைச் சேமிக்கும்போது இந்தக் கணக்கில் குறைந்தது மூன்று இடங்களில் திருத்தம் விழுகிறது: காலிக் கட்டங்களின் பட்டியலிலிருந்து சில கட்டங்கள் கழிய வேண்டும், அவை அந்தக் கோப்பின் பெயரில் வரவாக வேண்டும், கோப்புறையில் அதன் பெயர் ஏற வேண்டும். இவை ஒரே கணத்தில் நடப்பவை அல்ல. சில திருத்தங்கள் விழுந்து மற்றவை விழாத நிலையில் கரண்ட் போய்விட்டால், இடத்தை அடைத்துக்கொண்டு பெயரில்லாமல் கிடக்கும் கோப்பும், ஒரே கட்டத்துக்கு இரண்டு கோப்புகள் உரிமை கொண்டாடும் குழப்பமும் உண்டாகலாம்.

கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்குக் குறிப்பேடும் பேரேடும் நன்றாகத் தெரியும். நடவடிக்கை எதுவானாலும் முதலில் குறிப்பேட்டில் பதிவாகிறது. அதன் பிறகே பேரேட்டில் உரிய கணக்குகளுக்கு எடுத்து எழுதப்படுகிறது. எடுத்து எழுதும் நடுவில் கணக்கப்பிள்ளையை யாராவது கூப்பிட்டுவிட்டாலும், திரும்பி வந்து குறிப்பேட்டைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து முடித்துவிடலாம். குறிப்பேட்டுப் பதிவே அரைகுறையாக இருந்தால், அந்த நடவடிக்கை நடக்கவே இல்லை என்று தள்ளிவிடலாம். எப்படிப் பார்த்தாலும் பேரேடு தப்பாகாது. எக்ஸ்ட்4 செய்வதும் இதுவேதான். ஆங்கிலத்தில் கணக்கரின் குறிப்பேட்டுக்கும் கோப்பு முறைமையின் குறிப்பேட்டுக்கும் ஜர்னல் என்ற ஒரே சொல்தான் வழங்குகிறது.

1993-இல் வந்த எக்ஸ்ட்2-இல் இந்தக் குறிப்பேடு இல்லை. 2001-இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் சேர்ந்த எக்ஸ்ட்3 அதைக் கொண்டுவந்தது; 2008-இல் நிலைபெற்ற எக்ஸ்ட்4, குறிப்பேட்டை வைத்துக்கொண்டே பெரிய கோப்புகளைக் கையாளும் முறையை மேம்படுத்தியது. எக்ஸ்ட்2 காலத்தில் என் வீட்டில் நடந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. ஒரு மொழிபெயர்ப்பின் அத்தியாயங்களை ஒரு கோப்புறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. திரும்ப வந்ததும் கணினி வழக்கமான திரைக்கு வராமல் கறுப்புத் திரையிலேயே நின்றது. எஃப்எஸ்சிகே என்னும் சரிபார்ப்பு நிரல் ஒவ்வொரு பிழையாகக் காட்டி, சரிசெய்யவா என்று கேட்டது. ஆம் என்பதற்கு 'ஒய்' விசையை அழுத்தி அழுத்தி என் விரல் ஓய்ந்துபோனது. எல்லாம் முடிந்து உள்ளே போனால், 'லாஸ்ட்+ஃபவுண்ட்' என்ற கோப்புறையில் பெயர் இழந்த கோப்புகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் # குறியும் ஓர் எண்ணும் மட்டுமே பெயர். திறந்து முதல் வரியைப் படித்துத்தான் எது எந்த அத்தியாயம் என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இரண்டு அத்தியாயங்கள் கிடைக்கவே இல்லை.

ஒன்றை மட்டும் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். எக்ஸ்ட்4-இன் குறிப்பேடு காப்பது கோப்புகளைப் பற்றிய கணக்கைத்தான். கோப்புக்குள் நீங்கள் எழுதிக்கொண்டிருப்பதை அது காக்காது. வழக்கமான அமைப்பில், ஒரு கோப்பின் புதிய உள்ளடக்கம் தட்டில் ஏறிய பிறகே அதைப் பற்றிய குறிப்பு உறுதியாகும் என்ற ஒழுங்கு இருக்கிறது. ஆனாலும் மின்சாரம் போவதற்கு முந்தைய சில நொடிகளின் வேலை நினைவகத்திலேயே நின்று மறைந்துபோவது உண்டு. லிபர்ஆஃபீஸில் தானாகச் சேமிக்கும் இடைவெளியை ஐந்து நிமிடங்களுக்குக் குறைத்து வையுங்கள். என் உண்மையான கருத்தைக் கேட்டால், முதலில் யுபிஎஸ் பேட்டரியை மாற்றுங்கள் என்பேன். கோப்பு முறைமைத் தேர்வைவிட அது உங்களுக்கு அதிகம் உதவும்.

இனி மற்றவை. பிடிஆர்எஃப்எஸ் நல்ல முறைமை. 2020-இல் ஃபெடோரா என்ற லினக்ஸ் வகை, தன் 33-ஆம் வெளியீட்டில் மேசைக் கணினிப் பதிப்புகளுக்கு அதையே இயல்பாக ஆக்கியது, ஓப்பன்சூசே என்ற மற்றொரு லினக்ஸ் வகை அதற்கும் முன்பே அந்த வழிக்குப் போய்விட்டது. பழைய கட்டத்தின் மேலேயே எழுதாமல் புதிய கட்டத்தில் எழுதிவிட்டுப் பிறகு முகவரியை மாற்றுவது அதன் வழி. இதனால், ஒரு நாளின் நிலையை அப்படியே உறையவைத்து, வேண்டும்போது அந்த நிலைக்குத் திரும்பிப் போக முடிகிறது. ஆனால் தட்டு நிறைந்துவரும்போது அது நடந்துகொள்ளும் விதமும், பழுது வந்தால் சரிசெய்யும் முறைகளும் கூடுதல் படிப்பைக் கேட்பவை. பக்கத்தில் கேட்க ஆளில்லாமல் தானே பார்த்துக்கொள்ள வேண்டிய ஒருவருக்கு அதை நான் முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன். மின்டோடு வரும் டைம்ஷிஃப்ட் என்ற நிரல் எக்ஸ்ட்4-இலும் இயங்குதளத்தின் முந்தைய நிலைகளைச் சேமித்துத் தரும்; அது உங்களுக்குப் போதும். எக்ஸ்எஃப்எஸ், சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் 1990-களில் தன் பெரிய கணினிகளுக்காக உருவாக்கியது, பெருங்கோப்புகளுக்கு வலுவானது. ஆனால் அதைப் பெரிதாக்கலாமே தவிரச் சுருக்க முடியாது. ஒரே தட்டை வைத்துக்கொண்டு பின்னாளில் பாகங்களை மாற்றியமைக்க நினைப்பவருக்கு இது பெரிய தடை. எக்ஸ்ட்2-ஐயும் எக்ஸ்ட்3-ஐயும் இன்று புதிதாகத் தேர்ந்தெடுக்கக் காரணம் எதுவும் இல்லை.

ஃபேட்32 அந்தப் பட்டியலில் இருப்பதற்கு வேறு காரணம் உண்டு. யுஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறையில் இயங்கும் கணினிகளில், துவக்கத்துக்கென்று ஒரு சிறு பாகம் ஃபேட்32-இல் இருந்தாக வேண்டும். உங்கள் தட்டில் சில நூறு எம்பி அளவில் அப்படி ஒரு பாகம் தென்பட்டால் அதில் கைவைக்காதீர்கள். எந்த முறைமையைத் தேர்ந்தெடுத்தாலும் ஃபார்மேட் செய்யும் பாகத்தில் இருப்பவை அனைத்தும் போய்விடும் என்பதால், தொடங்கும் முன்பே எல்லாவற்றையும் வெளியே நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்று வேறொரு கணினியில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மகளின் திருமண வீடியோவை 7 ஜிபி அளவுள்ள ஒரே கோப்பாக ஸ்டூடியோவில் கொடுத்தார்கள். 32 ஜிபி பென் டிரைவில் 28 ஜிபி காலியாக இருக்கிறது. ஆனாலும் கோப்பு மிகப் பெரியது என்று சொல்லி நகலெடுக்க மறுக்கிறது. பென் டிரைவ் பழுதா? (ஈரோடு வாசகி)

பதில்: பென் டிரைவில் பழுது எதுவும் இல்லை, அம்மா. அது ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்யப்பட்டிருக்கிறது. 1996-இல் விண்டோஸ் 95-இன் பிற்காலப் பதிப்போடு வந்த இந்த முறைமையில், ஒவ்வொரு கோப்பின் அளவையும் எழுதிவைக்க 32 பிட்டுகள் மட்டுமே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. 32 பிட்டுகளில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,29,49,67,295. அத்தனை பைட்டுகளுக்கு மேற்பட்ட கோப்பின் அளவை எழுத அங்கே இடமே இல்லை. அதாவது 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு என்பதுதான் எல்லை. வீட்டு வன்தட்டுகளே ஓரிரண்டு ஜிபியாக இருந்த நாளில் இது தாராளமான ஒதுக்கீடு.

பென் டிரைவை எக்ஸ்ஃபேட் முறைமையில் மறுபடி ஃபார்மேட் செய்தால் வீடியோ ஏறிவிடும். விண்டோஸ், மேக் இரண்டிலும் அதை எழுதவும் படிக்கவும் முடியும். 2019-இல் மைக்ரோசாஃப்ட் அதன் முழு விவரக்குறிப்பையும் வெளியிட்டதைத் தொடர்ந்து லினக்ஸ் கெர்னலிலும் அது இடம்பெற்றுவிட்டது. கேமராக்களில் போடும் 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள எஸ்டி அட்டைகள் இந்த முறைமையிலேயே வருகின்றன. ஆனால் உறவினர் வீட்டுத் தொலைக்காட்சியில் செருகிப் பார்ப்பதற்காக எடுத்துப் போகிறீர்கள் என்றால் ஒரு வார்த்தை: பழைய தொலைக்காட்சிகள் பலவும் ஃபேட்32-ஐ மட்டுமே படிக்கும். அங்கே எக்ஸ்ஃபேட் பயன்படாது. வீடியோவை 4 ஜிபிக்குக் குறைந்த இரண்டு பகுதிகளாகப் பிரித்துத் தரும்படி ஸ்டூடியோவிலேயே கேட்டு வாங்கிக்கொள்வதுதான் வழி. தட்டில் எதை வைக்கப்போகிறோம் என்பதைவிட, எந்தெந்தக் கருவிகளில் அதைச் செருகப்போகிறோம் என்பதுதான் இங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. வெளியே எடுத்துச் செல்லும் தட்டுகளுக்கு எல்லாம் இது பொருந்தும்.

எக்ஸ்ஃபேட்டில் நான் மேலே விவரித்த குறிப்பேடு கிடையாது. ஃபேட்32-இலாவது கட்டங்களின் அட்டவணை இரண்டு பிரதிகளாக வைக்கப்படும். எக்ஸ்ஃபேட்டில் பொதுவாக ஒரே பிரதிதான். ஆகவே நகலெடுப்பது முடிந்தவுடன் பிடுங்கிவிடாமல், வெளியேற்று என்பதைச் சொடுக்கி, இப்போது எடுக்கலாம் என்ற செய்தி வந்த பிறகே எடுங்கள். ஊர் ஊராகச் சுற்றும் பென் டிரைவுக்கு எக்ஸ்ஃபேட் சரி. திருமண வீடியோவின் ஒரே பிரதி தங்கும் இடமாக அதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: 1 டெராபைட் வன்தட்டை எக்ஸ்ட்4-இல் ஃபார்மேட் செய்தேன். மொத்தம் 916 ஜிபி என்றும், பயன்படுத்தக் கிடைப்பது 870 ஜிபி என்றும் காட்டுகிறது. மீதி எங்கே? கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: கடைக்காரர் மேல் தவறில்லை. உற்பத்தியாளர் ஒரு டெராபைட் என்பதை லட்சம் கோடி பைட்டுகளாகக் கணக்கிடுகிறார். கணினி ஒரு ஜிபியை 1024-இன் அடுக்குகளில் கணக்கிடுவதால் அதே அளவு 931 ஜிபியாகத் தெரிகிறது. எதிர்காலத்தில் வரப்போகும் கோப்புகளைப் பற்றிய குறிப்புகளுக்காக எக்ஸ்ட்4 முன்கூட்டியே அட்டவணைகளை ஒதுக்கிவைக்கிறது. அதில் ஏறத்தாழ 15 ஜிபி போய் 916 ஆகிறது. அதற்கு மேல், நூற்றுக்கு ஐந்து பங்கு இடம் நிர்வாகிக்கு என்று ஒதுக்கப்படுகிறது. தட்டு நிரம்பி வழிந்தாலும் இயங்குதளம் தன் பதிவுகளை எழுத முடியாமல் திணறக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. இயங்குதளம் இருக்கும் பாகத்தில் அதை அப்படியே விட்டுவிடுங்கள். படங்களும் பாடல்களும் மட்டும் இருக்கும் தனிப் பாகமானால், டியூன்2எஃப்எஸ் என்ற கட்டளையால் ஒதுக்கீட்டை ஒரு விழுக்காடாகக் குறைக்கலாம். அதற்காக மறுபடி ஃபார்மேட் செய்ய வேண்டியதில்லை. உள்ளே இருப்பவற்றுக்கும் எந்தக் கேடும் வராது.

கேள்வி: நாட்டுப்புறப் பாடல்களை ஒலிப்பதிவு செய்து சேகரிக்கிறேன். பாடியவர், ஊர், பாடிய சூழல் எல்லாவற்றையும் தமிழிலேயே கோப்பின் பெயராக எழுதுவது என் வழக்கம். விண்டோஸ் கணினியில் பல ஆண்டுகளாக இருந்த அந்தக் கோப்புகளை லினக்ஸுக்கு மாற்றும்போது, சிலவற்றுக்கு மட்டும் பெயர் மிக நீளம் என்று பிழை வருகிறது. ஆங்கிலப் பெயருக்கு இப்படி வருவதில்லை. ஏன்? (சிவகங்கை வாசகர்)

பதில்: தமிழில் பெயரிடும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது, கேட்டதற்கு நன்றி. விண்டோஸின் என்டிஎஃப்எஸ், எக்ஸ்ட்4 இரண்டிலுமே பெயரின் நீளத்துக்கு எல்லை 255 என்றுதான் இருக்கும். ஆனால் எதை 255 வரை எண்ணுகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. என்டிஎஃப்எஸ் எண்ணுவது 16 பிட் குறியீடுகளை. அதில் தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் ஒரு குறியீடு போதும். எக்ஸ்ட்4 எண்ணுவது பைட்டுகளை. லினக்ஸ் வழங்கும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்.

'கோயில்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு மூன்று எழுத்துகள். கணினிக்கோ க, ஓகாரக் குறி, ய, இகரக் குறி, ல, புள்ளி என்று ஆறு குறிகள். என்டிஎஃப்எஸ்ஸில் ஆறு, எக்ஸ்ட்4-இல் 18. எனவே 255 பைட்டுகளுக்குள் தமிழில் 85 குறிகள்தான் அடங்கும். எழுத்துக் கணக்கில் ஏறத்தாழ 40 முதல் 50 வரை. பாடியவர் பெயரும் ஊரும் திருவிழாவும் சேர்ந்தால் இந்த எல்லை எளிதில் கடந்துவிடும். பிடிஆர்எஃப்எஸ்ஸுக்கும் எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கும் இதே எல்லைதான் என்பதால், முறைமையை மாற்றித் தப்பிக்க வழியில்லை. லினக்ஸின் தொடக்க நாட்களில் இருந்த மினிக்ஸ் கோப்பு முறைமையில் பெயருக்கு 14 பைட்டுகள் மட்டுமே. அதில் கோயில் என்ற ஒரு சொல்கூட முழுதாக நுழைந்திருக்காது.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். இரட்டைக்கொம்பும் காலும் என்று இரண்டு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ்+ முறைமை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமிக்கும். எக்ஸ்ட்4 கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்துக்கொள்ளும். ஆகவே ஒரு மேக் கணினியைச் சுற்றி வந்த கோப்புறையில், கண்ணுக்கு ஒரே பெயருடைய இரண்டு கோப்புகள் அருகருகே நிற்கவும், தேடினால் அவற்றில் ஒன்று மட்டும் அகப்படவும் கூடும். அப்படி ஒன்றைக் கண்டால் நகல் என்று நினைத்து அழித்துவிடாமல், இரண்டையும் கேட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

உங்களுக்கு நான் சொல்லும் யோசனை: பெயரில் 2019-01-16 என்பதுபோல ஆண்டு, மாதம், நாள், அதன் பின் ஊர், பாடலின் முதல் சீரோ இரண்டு சீர்களோ, அவ்வளவு இருந்தால் போதும். எண்களுக்கும் இடைக்கோட்டுக்கும் ஒவ்வொரு பைட்தான். பாடியவர், சூழல், உடன் இருந்தவர்கள் முதலிய விவரங்களை அந்தக் கோப்புறையிலேயே ஓர் உரைக் கோப்பில் எழுதி வையுங்கள். பெயரில் அடைத்து வைத்ததைவிட அங்கே விரிவாகவும் எழுதலாம். உங்களுக்குப் பின் இந்தச் சேகரிப்பைத் திறப்பவருக்கும் அது உதவும். லினக்ஸில் பெயர் சூட்டும்போது முக்காற்புள்ளி, கேள்விக்குறி ஆகியவற்றைத் தவிருங்கள். எக்ஸ்ட்4 அவற்றை ஏற்கும், விண்டோஸ் ஏற்காது.

கேள்வி: ஒரே மடிக்கணினியில் விண்டோஸும் உபுண்டுவும் வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் பொதுவாக ஒரு பாகம் வேண்டும். விண்டோஸில் வேலையை முடித்துவிட்டு உபுண்டுவுக்கு வந்தால், சில நாட்களில் அந்தப் பாகத்தில் படிக்க மட்டும் முடிகிறது, எழுத முடிவதில்லை. (யாழ்ப்பாணத்து மாணவர்)

பதில்: பொதுப் பாகத்துக்கு என்டிஎஃப்எஸ்ஸே சரி. விண்டோஸ் எக்ஸ்ட்4-ஐத் தானாகத் திறக்காது. லினக்ஸோ என்டிஎஃப்எஸ்ஸை நீண்ட காலமாகவே கையாண்டு வருகிறது, 2021-இல் வந்த 5.15 கெர்னலிலிருந்து அதற்கெனப் புதிய இயக்கி ஒன்றும் உள்ளேயே இருக்கிறது. உங்களுக்கு வரும் தொல்லைக்குக் காரணம் விண்டோஸின் விரைவுத் துவக்க வசதி. அது இயக்கத்தில் இருக்கும்போது 'ஷட் டவுன்' கொடுத்தால் கணினி முழுமையாக அணைவதில்லை; இயங்குதளத்தின் ஒரு பகுதி உறக்க நிலையில் தட்டிலேயே எழுதப்பட்டு, பாகங்கள் திறந்த நிலையில் விடப்படுகின்றன. இன்னொருவர் பாதி எழுதிவிட்டு விரித்து வைத்துப்போன பேரேட்டில் கைவைக்க லினக்ஸ் மறுக்கிறது. அது உங்கள் நன்மைக்கே. வலுக்கட்டாயமாக எழுதவைக்கும் வழிகளைத் தேடிப் போகாமல், விண்டோஸின் மின்சார அமைப்புகளுக்குள் சென்று விரைவுத் துவக்கத்தை நிறுத்திவிடுங்கள். என்டிஎஃப்எஸ் பாகத்தில் பிழை நேர்ந்தால் அதை விண்டோஸிலிருந்தே சரிபாருங்கள். லினக்ஸில் அதற்கு உள்ள கருவிகள் மேலோட்டமானவை. என்றாவது விண்டோஸை முழுவதுமாக விட்டுவிடுவதாக இருந்தால், அந்த நாளிலேயே இந்தப் பாகத்தையும் எக்ஸ்ட்4-க்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: என் கணவர் 2004 முதல் எடுத்த குடும்பப் படங்கள் எல்லாம் ஒரே வெளிப்புற வன்தட்டில் இருக்கின்றன. அவர் இப்போது இல்லை. சில பழைய படங்கள் திறக்கும்போது பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறமாகத் தெரிகின்றன. பிடிஆர்எஃப்எஸ் முறைமைக்கு மாற்றினால் இனி இப்படி நேராது என்று ஒருவர் சொன்னார். மாற்றலாமா? நாங்கள் பயன்படுத்துவது விண்டோஸ். (சேலம் வாசகி)

பதில்: அம்மா, தயவுசெய்து அந்தத் தட்டில் இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள், எதையும் எழுதாதீர்கள். முறைமையை மாற்றுவது என்றால் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. உங்கள் தட்டு பழுதாகத் தொடங்கியிருக்கக்கூடும். அது செருகியிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அதற்குச் சுமைதான். புதிய வன்தட்டு ஒன்றை வாங்கி, என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மேட் செய்து, வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாமல் முதலில் படங்கள் எல்லாவற்றையும் அதற்கு நகலெடுங்கள். நகலெடுக்கும்போது தட்டு கிளிக் கிளிக் என்று ஒலி எழுப்பினாலோ, இடையில் மறைந்து மறைந்து தோன்றினாலோ உடனே நிறுத்திவிட்டுத் தரவு மீட்புப் பணி தெரிந்தவரிடம் கொடுங்கள்.

உங்களுக்குச் சொன்னவர் சொன்னதில் உண்மை உண்டு. பிடிஆர்எஃப்எஸ் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைச் சேர்த்து வைக்கிறது. படிக்கும்போது எண் பொருந்தாவிட்டால், கெட்டுப்போனதைக் கெட்டுப்போனது என்று சொல்லிவிடும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய இசட்எஃப்எஸ்ஸும் அவ்வாறே. என்டிஎஃப்எஸ்ஸோ எக்ஸ்ட்4-ஓ படத்தின் உள்ளடக்கத்தை அப்படிச் சரிபார்ப்பதில்லை. சாம்பல் படங்கள் இத்தனை நாள் உங்களுக்குத் தெரியாமல் இருந்ததற்கு அதுவே காரணம். ஆனால் கெட்டதைக் கண்டுபிடிப்பது வேறு, சரிசெய்வது வேறு. சரிசெய்ய இன்னொரு நல்ல பிரதி வேண்டும். ஒற்றைத் தட்டில் பிடிஆர்எஃப்எஸ் வழக்கமாக இரட்டிப்பாக வைப்பது கோப்புகளைப் பற்றிய குறிப்புகளைத்தான். படங்கள் ஒரே பிரதியாகத்தான் இருக்கும். மேலும் விண்டோஸ் அதைத் தானாகப் படிக்காது. உங்கள் பிள்ளைகள் தட்டைச் செருகினால் ஃபார்மேட் செய்யவா என்று கேட்கும், யாராவது ஆம் என்று சொல்லிவிடுவார்கள். அந்த அபாயம் உங்களுக்கு வேண்டாம்.

புதிய தட்டுக்கு நகலெடுத்து முடிந்ததும், மற்றொரு தட்டில் இரண்டாவது பிரதி எடுத்து, அதை வேறு வீட்டில், மகன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ வையுங்கள். பழைய தட்டை ஃபார்மேட் செய்யாமல் அப்படியே எடுத்து வையுங்கள். அதற்குள் பாதி சாம்பலாகிப்போன படங்களையும் அழித்துவிட வேண்டாம். கேமராவில் எடுத்த ஜேபெக் கோப்புகளின் தொடக்கப் பகுதியில் பெரும்பாலும் சிறு முன்னோட்டப் படம் ஒன்று தனியாகப் பதிந்திருக்கும். பெரிய படத்தின் கீழ்ப்பாதி கெட்டிருந்தாலும் அந்தச் சிறு படம் முழுமையாகத் தப்பியிருக்க வாய்ப்பு உண்டு. எக்ஸிஃப்டூல் என்ற இலவச நிரலால் அதைப் பிரித்தெடுக்கலாம். தபால்தலை அளவில்தான் இருக்கும். ஆனாலும் படத்தில் யார் யார் இருந்தார்கள், எந்த நாள் என்பது தெரிந்துவிடும். அதைக் காட்டினால், அதே படத்தின் அச்சுப் பிரதியையோ குறுந்தகட்டையோ உறவினர்களிடம் தேடிக் கேட்பதும் எளிதாகும்.